ஜெர்மனியில் படிக்கப் போகும் மகளுக்கு மாதம் 992 யூரோ போதுமா?

பெங்களூர் ராமமூர்த்தி நகரிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். மகள் அக்டோபரில் முதுகலை படிக்க ஜெர்மனி போகிறாள், கல்விக் கடன் வாங்கி பிளாக்டு அக்கவுண்டில் (விசாவுக்காக ஓராண்டுச் செலவை முன்கூட்டியே போட்டு, மாதா மாதம் ஒரு பங்கு மட்டும் எடுக்கக்கூடிய கணக்கு) 11,904 யூரோ போட்டாயிற்று, மாதம் 992 யூரோவில் காலம் தள்ள முடியுமா, இன்னும் கடன் வாங்க வேண்டுமா என்று.

போதும் சார். மியூனிக் போன்ற ஊர் என்றால் இறுக்கிப் பிடிக்கும், அங்கே அறை வாடகையே பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். மற்றபடி சமாளிக்கலாம். நான் 2021 அக்டோபரில் அல்சூரிலிருந்து ஜெர்மனியின் மாக்டெபர்க் நகருக்குப் படிக்கப் போனபோது இந்தத் தொகை மாதம் 861 யூரோ. 992 ஆனது 2024 செப்டம்பரில்தான்.

ஆனால் எங்களுக்குக் கை சுட்டது மாதச் செலவில் இல்லை, முதல் ஆறு வாரத்தில். பிளாக்டு அக்கவுண்டில் பணம் இருக்கும், போன உடனே எடுக்க முடியாது. அவள் அங்கே வீட்டு முகவரியைப் பதிவு செய்து, உள்ளூர் வங்கியில் கணக்குத் தொடங்கி, அதன் விவரத்தைக் கொடுத்த பிறகுதான் முதல் மாதப் பணம் விழும். முகவரிப் பதிவுக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே எனக்கு மூன்று வாரம் ஆனது. அதற்குள் வீட்டு டெபாசிட், முதல் மாத வாடகை, செமஸ்டர் கட்டணம், போர்வை, தலையணை, குளிருக்கு ஒரு கோட்டு என்று எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். நான் கையில் 600 யூரோவோடு இறங்கினேன். கோயம்புத்தூர்க்கார சீனியர் அண்ணன் ஒருவர் 400 யூரோ கொடுத்திருக்காவிட்டால் எனக்கு வேறு வழி இருந்திருக்காது.

அதனால் பிளாக்டு அக்கவுண்டுக்கு வெளியே ஃபாரெக்ஸ் கார்டில், அதாவது முன்கூட்டியே யூரோ ஏற்றிய கார்டில், குறைந்தது 1,500 யூரோ போட்டு அனுப்புங்கள். பெரிய ஊர் என்றால் 2,000. கூடுதல் கடன் வாங்குவதாக இருந்தால் இதற்கு வாங்குங்கள். பெங்களூரில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய நமக்கு அங்கே டெபாசிட் குறைவாகத்தான் தெரியும். சூடேற்றும் செலவும் தண்ணீர்ச் செலவும் சேராத வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் கேட்கக்கூடாது என்பது சட்டம். அதையும் மூன்று தவணையாகக் கட்ட வாடகைக்கு இருப்பவருக்கு உரிமை உண்டு. எனக்கு இது தெரியாமல் மொத்தத்தையும் ஒரே நாளில் கட்டிவிட்டுக் கடன் கேட்டு நின்றேன்.

மாதக் கணக்குக்கு வருவோம். 2023ல் எனக்கு அறை, ஹீட்டர் எல்லாம் சேர்த்து 310, மருத்துவக் காப்பீடு சுமார் 120, சாப்பாடு 170, போனுக்கு 10. காப்பீடு இப்போது 140ஐ ஒட்டி வந்துவிட்டது. செமஸ்டர் கட்டணம் ஆண்டுக்கு இரண்டு முறை வரும், அதனால் மாதக் கணக்கில் அது கண்ணில் படாது. எங்கள் அம்மா மாதம் பிறந்ததும் சீட்டுப் பணத்தை முதலில் எடுத்து வைத்துவிட்டுத்தான் மளிகை லிஸ்ட் போடுவார். நானும் அதே மாதிரி ஒன்றாம் தேதியே இதற்கு 25 யூரோ ஒதுக்கிவிடுவேன். பல பல்கலைக்கழகங்களில் இந்தக் கட்டணத்திலேயே பஸ், ரயில் பாஸ் அடங்கிவிடும். அதைப் பார்க்காமல் தனியாக மாதம் 63 யூரோ கொடுத்து, நாடு முழுவதும் உள்ளூர் பஸ், ரயிலில் செல்லும் மாத பாஸான டாய்ச்லாண்ட் டிக்கெட் வாங்கிவிட வேண்டாம்.

அப்புறம் ஒளிபரப்புக் கட்டணம். டிவியே இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ கட்ட வேண்டும். அது ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு. கூட இருக்கும் ஒருவர் கட்டினால் அவருடைய கட்டணக் கணக்கு எண்ணை எழுதி அனுப்பினாலே போதும். ஜெர்மனில் வந்த கடிதங்களை விளம்பரம் என்று நினைத்து எட்டு மாதம் மேஜையில் அடுக்கி வைத்தேன். கடைசியில் மொத்தமாக 150 யூரோவை ஒட்டிக் கட்டினேன்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தியக் கடையில் துவரம்பருப்பும் பொன்னி அரிசியும் வாங்கினால் பட்ஜெட் தாங்காது. துருக்கிக் கடைகளில் மைசூர் பருப்பு, கொத்தமல்லி, கத்தரிக்காய் எல்லாம் மலிவாகக் கிடைக்கும். மைசூர் பருப்பில் சாம்பார் சீக்கிரம் வெந்துவிடும், ருசியும் பழகிவிடும். ஆல்டி, லிடில் கடைகளில் பாயசத்துக்கு என்று விற்கும் மில்ஷ்ரைஸ் அரிசி குழைந்து வரும், தயிர்சாதத்துக்கும் பொங்கலுக்கும் அதைவிட நல்லது எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு சின்ன குக்கரும், கூடவே இரண்டு கேஸ்கட்டும் பெட்டியில் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை வாங்காமல் விட்டால் அந்த ஞாயிறு வெளிச் சாப்பாட்டில் 12, 15 யூரோ போய்விடும்.

இவை எல்லாவற்றையும் விட ஒன்று முக்கியம். யூரோவை ரூபாயாக்கிப் பார்க்கும் பழக்கத்தை மகளிடம் வளர்க்காதீர்கள். ஒரு யூரோ இன்று நூறு ரூபாய்க்கு மேல். மென்ஸாவில், அதாவது பல்கலைக்கழக உணவகத்தில், மூன்றரை யூரோ சாப்பாட்டைப் பார்க்கும்போதெல்லாம் என் மனசு ரூபாயில் கணக்குப் போட்டது. அப்பா சிவாஜி நகரில் தையல் கடை வைத்திருக்கிறார், அவர் ஒரு சட்டைக்கு வாங்கும் கூலி கண்முன் வந்து நிற்கும். பிரெட்டும் தண்ணீருமாக இரண்டு மாதம் ஓட்டினேன். லேபில் மயங்கி விழுந்த பிறகுதான் ரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்திருப்பது தெரிந்தது. அப்பாவிடம் சொன்னபோது, “நீ சாப்பிடாம மிச்சம் பிடிச்ச காச வச்சு நான் என்னம்மா பண்ணப் போறேன்?” என்று கேட்டார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான். வாடகையிலும் பயணத்திலும் மிச்சம் பிடிக்கட்டும், வயிற்றில் வேண்டாம். இதை நீங்களே வாய்விட்டு அவளிடம் சொல்லிவிடுங்கள். நாம் கேட்காமலே பிள்ளைகள் அதைத்தான் முதலில் குறைப்பார்கள்.

பகுதிநேர வேலைச் சம்பளத்தை முதல் செமஸ்டர் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆண்டுக்கு 140 முழு நாள், அல்லது 280 அரை நாள் வேலை செய்ய அனுமதி உண்டு. 2026 ஜனவரியிலிருந்து குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ, நல்ல பணம்தான். ஆனால் மொழி ஓரளவு வந்த பிறகுதான் எனக்கு வேலை கிடைத்தது, அதற்கு ஏழு மாதம் ஆனது.

கிளம்பும் முன் வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியவை இரண்டு. சொல்லும் வாடகையில் ஹீட்டர் செலவு அடங்குமா? ஒளிபரப்புக் கட்டணத்தை ஏற்கெனவே யாராவது கட்டுகிறார்களா? மகள் இந்திராநகர் மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் படிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டையும் அவளையே ஜெர்மனில் எழுதி இன்றைக்கே மெயில் அனுப்பச் சொல்லுங்கள்.