அறுக்க முதல் மகுடத்தைத் தூக்கிப் பாருங்கள்

ஓடாவியிடம் கேளுங்கள்: பழைய தளபாடங்கள் பற்றி வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, எங்கள் அப்பம்மாவின் அலுமாரி யாழ்ப்பாணத்திலிருந்து லொறியில் வந்து இரண்டு கிழமையாக அடுக்குமாடியின் கீழே, கார் நிறுத்தும் இடத்தில் நிற்கிறது. லிஃப்டுக்குள் போகாது, படியிலும் திருப்ப முடியாது. வீடு நாலாம் மாடி. காவலாளி தினமும் கேட்கிறார். இரண்டாக அறுத்து, மேல் பாதியைப் புத்தகம் வைக்கவும் கீழ்ப் பாதியை டி.வி. வைக்கவும் பாவிக்கலாமா? யூடியூபில் காட்டுகிற மாதிரி வெள்ளை சோக் பெயின்ட் அடிக்கவும் ஆசை. இப்போது மண்ணிற எனாமல் அடித்திருக்கிறது.
த.மை., வெள்ளவத்தை

பதில்: வாளைக் கீழே வையுங்கள் பிள்ளை. முதலில் ஒரு ஏணி எடுத்து ஏறுங்கள். அலுமாரியின் உச்சியில் வளைவு வேலைப்பாட்டோடு ஒரு பலகை இருக்கும், அதுதான் மகுடம். அதை இரண்டு கையாலும் மெல்ல மேலே தள்ளிப் பாருங்கள்.

அந்தக் காலத்துப் பெரிய அலுமாரிகளில் பல, கழற்றிப் பூட்டவென்றே செய்தவை. சீதனமாக ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு வண்டியில் போகவேண்டிய சாமான் என்று செய்தவருக்குத் தெரியும். மகுடம் பெரும்பாலும் நாலு மரமுளையில் சும்மா உட்கார்ந்திருக்கும். அது அசையாவிட்டால் பெயின்ட் இடுக்கில் இறுகிப் பிடித்திருக்கலாம். மெல்லிய கத்தியால் சுற்றிவரக் கீறிவிட்டு மறுபடி தள்ளுங்கள். அது எழும்பிவிட்டால் மிச்சம் இலகு: கதவுகளைப் பிணைச்சலில் கழற்றுங்கள், பிறகு பின்பலகை, பிறகு பக்கங்கள். உள்மூலைகளில் மர ஆப்போ பெரிய திருகாணியோ இருக்கும், தலையைப் பெயின்ட் மூடியிருக்கும், சுரண்டிப் பாருங்கள். கழற்ற முதல் போனில் படம் எடுங்கள், ஒவ்வொரு துண்டிலும் பென்சிலால் இலக்கம் போடுங்கள். அநேகமாக உங்களுக்கு முதலே செய்தவர் போட்டிருப்பார். பொருந்துகிற இரண்டு மரத்திலும் உளியால் வெட்டிய ஒரு கோடு, அடுத்த மூலையில் இரண்டு கோடு. அதைக் கண்டால் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள். நாற்பது வருடம் இந்த வேலை செய்தும் அந்தக் கோடுகளைப் பார்க்க எனக்கு அலுக்கவில்லை.

இனிப் பெயின்ட். கீழே என்ன மரம் என்று தெரியாமல் மேலே எதையும் பூசக் கூடாது. அலுமாரியைச் சரித்து, காலின் அடிப்பக்கத்தில் நகமளவு சுரண்டுங்கள். மஞ்சள் எட்டிப் பார்த்தால் பலா. வெளிச்சம் பட்ட பக்கம் வருடம் போகப் போகச் செம்பழுப்பாகிவிடும், உள்ளே மட்டும் மஞ்சள் இருக்கும். வெளிர் பொன்னிறமாக, வெளிச்சத்தில் திருப்பும்போது பட்டுச்சேலை மாதிரி மினுங்கினால் முதிரை. தேக்கில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், பழைய தோல் செருப்பு வாசம் வரும். யாழ்ப்பாணத்துச் சாமான் என்பதால் வேம்பாகவும் இருக்கலாம், அது சிவந்திருக்கும். இந்த நாலில் ஒன்று என்றால் பெயின்டை எடுங்கள், போடாதீர்கள். பலா மரத்தை நினைத்தபடி தறிக்க முடியாது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி அதற்கு அனுமதி வேண்டும். நல்ல அகலப் பலகை உங்கள் கார் நிறுத்துமிடத்தில் தூசி பிடித்து நிற்கிறது, அதை ஏன் வெள்ளைக்குள் ஒளிக்கிறீர்கள்?

ஒன்றில் மட்டும் கவனம். பழைய எனாமலில் ஈயம் இருக்கக்கூடும். இலங்கையில் பெயின்டில் உள்ள ஈயத்துக்கு எல்லை போட்டது 2013இலிருந்துதான். அதனால் காய்ந்த பெயின்டில் சாண்ட் பேப்பர் போடவே வேண்டாம், அந்தத் தூசி சின்னப் பிள்ளைகளுக்கு நஞ்சு. பெயின்ட் ரிமூவரைத் தடவி ஊறவிட்டு, ஈரமாக இருக்கும்போதே பழைய பேப்பர் விரித்து அதன்மேல் வழித்தெடுங்கள். கையுறையும் முகமூடியும் வேண்டும். வழித்ததைப் பையில் கட்டிவிடுங்கள். இதைப் பல்கனியில் செய்யாதீர்கள், கடற்காற்று அத்தனை மணத்தையும் வீட்டுக்குள் தள்ளும். காவலாளிக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து இன்னும் ஒரு கிழமை தவணை கேளுங்கள்.

புத்தகத்துக்கு அறுக்கத் தேவையில்லை. உடுப்புத் தொங்கவிடும் பக்கத்தில் கட்டை அடித்து நாலு தட்டுப் போடுங்கள். வெள்ளை ஆசை தீராவிட்டால் பின்பலகையின் உட்பக்கத்துக்கு அடியுங்கள், புத்தகங்கள் எடுப்பாகத் தெரியும். டி.வி.க்கு வேறு மேசை பாருங்கள்.

கேள்வி: வெள்ளத்தில் இரண்டு நாள் நின்ற சிப்போர்ட் அலுமாரியின் அடி ஊதிவிட்டது. காயவைத்துத் திருத்தலாமா? தவணைக் காசு இன்னும் கட்டி முடியவில்லை.
மு.ர., வெல்லம்பிட்டி

பதில்: முடியாது தம்பி. சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பலகை அது. தண்ணீர் குடித்தால் பசை விட்டுவிடும், தூள் ஊதிவிடும், காய்ந்தாலும் பழைய அளவுக்கு வராது. திருகாணியும் பிடிக்காது. 2016 மே வெள்ளத்துக்குப் பிறகு உங்கள் பக்கம் நான் வேலைக்கு வந்தபோது, ஒரு வீட்டில் இப்படிப்பட்ட மூன்று அலுமாரிகள் வாசலில் கிடந்தன. அதே வீட்டுப் பலாக் கட்டிலைக் கழுவி, நிழலில் ஒரு மாதம் காயவிட்டு, பொருத்துகளை மறுபடி இறுக்கிக் கொடுத்தேன். அதில் இப்போதும் படுக்கிறார்கள்.

நனையாத மேல்தட்டுகள், கண்ணாடி, பிணைச்சல், கைப்பிடி, உடுப்புக் கம்பி, பூட்டு, எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். மிச்சத்தை அடுப்பில் எரிக்காதீர்கள், அந்தப் பசைப் புகை நெஞ்சுக்குக் கூடாது. கால்வாயிலும் போடாதீர்கள். அடுத்த வெள்ளத்தில் அது உங்கள் வாசலுக்கே திரும்பி வரும்.

கேள்வி: நாலு பிரம்புக் கதிரைகள். இருக்கை தொட்டில் மாதிரித் தொய்ந்துவிட்டது. பிளாஸ்டிக் வலை போடலாம் என்கிறார் கடைக்காரர். போடலாமா ஐயா?
ஜெ., கொட்டாஞ்சேனை

பதில்: அறுந்திருக்கிறதா, தொய்வு மட்டுமா? தொய்வு மட்டும் என்றால் காசு செலவில்லை. கதிரையைக் கவிழ்த்துப் போடுங்கள். நன்றாகச் சுடுகிற தண்ணீரில் துணியை நனைத்து, பின்னலின் அடிப்பக்கத்தை ஊற ஊற ஒற்றுங்கள். மேல்பக்கம் பொலிஷ் இருக்கும், தண்ணீர் குடிக்காது. பிறகு காற்றோட்டமான இடத்தில் ஒரு நாள் முழுக்க விடுங்கள், ஒருவரும் இருக்கக் கூடாது. காயக் காயப் பிரம்பு சுருங்கி இறுகும். மறுநாள் விரலால் தட்டினால் தவில் மாதிரி இல்லாவிட்டாலும் ஒரு சத்தம் வரும். பிளாஸ்டிக் தொய்ந்தால் தொய்ந்ததுதான்.

அறுந்திருந்தால் முழுதாக வெட்டி எடுத்துப் புதிதாகப் பின்னவேண்டும்: நெடுக்கு இரண்டு, குறுக்கு இரண்டு, மூலைக்கு மூலை இரண்டு, ஆக ஆறு ஓட்டம். கண்டி வீதியில் வேவல்தெனிய பக்கம் பிரம்பு வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு கதிரையை முதலில் கொடுத்துப் பாருங்கள், நாலையும் ஒன்றாக ஏற்றாதீர்கள்.

கேள்வி: ரப்பர் மரக் கட்டிலுக்குக் கீழே தினமும் மாவு மாதிரிக் கொட்டிக் கிடக்கிறது. மண்ணெண்ணெய் பூசச் சொல்கிறார் மாமியார்.
க.சு., பம்பலப்பிட்டி

பதில்: உளு, மரத்தைத் துளைத்துத் தின்னும் சின்னப் பூச்சி. மண்ணெண்ணெய் ஆழமாக இறங்காது, படுக்கையறை நாறும், நெருப்புக்கும் பயம். மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லவேண்டாம்.

கட்டிலைக் கூட்டித் துடைத்துவிட்டுக் கீழே ஒரு கறுப்புக் காகிதம் விரியுங்கள். ஒரு கிழமைக்குள் புதிய மாவு விழுந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. ரப்பர் மரத்தில் மாச்சத்து அதிகம், உளுவுக்கு அது விருந்து. பொலிஷ் இருக்கும்போது மருந்து உள்ளே போகாது. அதனால் அந்த இடங்களில் பொலிஷைச் சுரண்டி எடுத்து, போரிக் அமிலமும் வெண்காரமும் கலந்த கரைசலை இரண்டு மூன்று தடவை தடவிக் காயவிடுங்கள். பிறகு பழைய ஓட்டைகளை மெழுகால் அடைத்துவிடுங்கள். மெழுகில்லாத ஓட்டை ஒன்று தெரிந்தால் அது புதிது என்று விளங்கும்.

கேள்வி: அண்ணை, பாட்டாவின் மேசைக்கு வார்னிஷ் அடிக்காமல் லின்சீட் ஓயில் மட்டும் பூசினால் போதுமா?
நி., தெஹிவளை

பதில்: எழுதுகிற மேசைக்குப் போதும். சாப்பாட்டு மேசைக்குச் சுடுசட்டியும் தண்ணீரும் தாங்காது. மெல்லியதாகப் பூசி, கால்மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். துடைக்காவிட்டால் கை வைக்கும் இடமெல்லாம் மாதக்கணக்கில் பிசுபிசுக்கும். மே, ஜூன் மழைக்குள் தொடங்கவேண்டாம்.

ஆனால் எண்ணெயைவிடத் துணியைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்லவேண்டும். என் பட்டறையில் ஒரு வெள்ளிக்கிழமை, எண்ணெய் துடைத்த துணிகளை ஒரு தகரவாளியில் பந்தாகப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் கருகிய மணம். வாளிக்குள் கையை வைத்தேன், சுட்டுவிட்டது. நடுவிலிருந்த துணி ஒன்று கறுத்துப் புகைகிறது. நெருப்புக்குச்சி இல்லை, சிகரெட் இல்லை. அந்த எண்ணெய் காயும்போது காற்றோடு சேர்ந்து சூடாகும், குவியலாகக் கிடந்தால் அந்தச் சூடு வெளியே போக வழியில்லை. பக்கத்தில் ஒரு கூடை மரச்சீவல் இருந்தது. வாளி தகரமாக இல்லாமல் பிளாஸ்டிக்காக இருந்திருந்தால் இந்தப் பதிலை வேறு யாராவது எழுதியிருப்பார்கள். அன்றிலிருந்து துணிகளை ஒவ்வொன்றாக விரித்து வெளியே கொடியில் போடுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

கேள்வி: அம்மாவின் சிங்கர் தையல் மெஷின் இறுகிக் கிடக்கிறது. கால் சட்டத்தை வைத்துச் சாப்பாட்டு மேசை செய்வோம், மெஷினை இரும்புக்குப் போடுவோம் என்கிறார் மனைவி. எனக்கு மனமில்லை.
பெயர் வேண்டாம், மருதானை

பதில்: குடும்பச் சண்டையில் நான் தலையிடுவதில்லை. எண்ணெயில் தலையிடுகிறேன். அந்த மெஷின்கள் உடைவது குறைவு, பழைய எண்ணெய் பிசினாகி இறுகிப்போவதுதான் அதிகம். துளைகள் எல்லாவற்றிலும் தையல் மெஷின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மூன்று நாள் பொறுத்து, சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். பலவந்தம் வேண்டாம். சுழன்றால் மனைவியையே திரைச்சீலை தைக்கச் சொல்லுங்கள், மேசைப் பேச்சு தானாக நின்றுவிடும்.

சுழலாவிட்டால் அவர் சொல்வதும் நியாயம்தான். இரும்புச் சட்டத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துருத் தடுப்புப் பூச்சுப் போட்டு, மேலே ஒரு பழைய கதவுப் பலகையைப் பித்தளைத் திருகாணியால் பூட்டுங்கள். மிதிக்கட்டையை மட்டும் கம்பியால் கட்டிவிட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் சாப்பிடும் நேரமெல்லாம் பிள்ளைகள் மிதித்துக்கொண்டே இருப்பார்கள். எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டார்கள், இப்போது நான்தான் மிதிக்கிறேன்.