பைக்குக்கு ரீட்ரெட் டயர்: வேண்டாம் என்பேன், ஆனால் நீங்கள் நினைக்கும் காரணத்துக்காக அல்ல

"புது டயர் வாங்க இப்போது கையில் பணமில்லை, ரீட்ரெட் டயர் மலிவாகக் கிடைக்கிறது, பைக்குக்குப் போடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ரீட்ரெட் என்றால் தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் பட்டை ஒட்டியது. வேண்டாம். முன்சக்கரத்துக்கு ஒருநாளும் வேண்டாம்; பின்சக்கரத்துக்கும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். இதே பதிலைச் சொல்லும் பலரும் கூடவே "ரீட்ரெட் என்றாலே ஏமாற்று வேலை" என்று ஒரு வரியைச் சேர்த்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என் அப்பா லாரி டயர் ரீட்ரெடிங் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாங்கள் சாப்பிட்டதும் படித்ததும் அந்தச் சம்பளத்தில்தான். தேய்ந்த டயர் உள்ளே வந்ததும் விளக்கைப் பிடித்து உட்புறத்தைப் பார்ப்பார்கள். அப்பா கண்ணை நம்பமாட்டார், கையை உள்ளே விட்டுச் சுற்றிலும் தடவுவார். ரப்பருக்குள் டயரைத் தாங்கும் நூலிழை விட்டுப்போன இடமும் காற்றில்லாமல் ஓடி உட்சுவர் நைந்த இடமும் விரலுக்குத்தான் முதலில் தெரியும் என்பார். தேறாத கேசிங்கில், அதாவது டயரின் உடம்பில், சாக்குக்கட்டியால் பெரிய பெருக்கல் குறி விழும். அதற்குமேல் முதலாளியே வந்து கேட்டாலும் அது உள்ளே போகாது.

தேறியதை இயந்திரத்தில் ஏற்றிப் பழைய ரப்பரைச் சுரண்டி எடுப்பார்கள். பிறகு பசை ரப்பர் வைத்து, பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் மேடுபள்ள வடிவம், வார்த்த புதுப் பட்டையைச் சுற்றி, சேம்பருக்குள் சுமார் 100 டிகிரி செல்சியஸ் சூட்டிலும் அழுத்தத்திலும் சில மணி நேரம் வேக வைப்பார்கள். அச்சுக்குள் வைத்து 150 டிகிரி அளவில் வேக வைக்கும் முறையும் உண்டு. இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது? நீங்கள் ஏறிப்போகும் விமானம் தரையிறங்குவதே பெரும்பாலும் ரீட்ரெட் செய்த டயரில்தான். ஒரே விமான டயரைப் பலமுறை ரீட்ரெட் செய்கிறார்கள்.

அப்படியானால் பைக்குக்கு மட்டும் ஏன் வேண்டாம் என்கிறாய் என்று கேட்பீர்கள். லாரி டயரின் உடம்பு தடிமனானது, ஒருமுறை தேய்ந்த பிறகும் அதில் உயிர் மிச்சம் இருக்கும்படியே செய்திருப்பார்கள். பைக் டயர் மெல்லியது. சுரண்டும்போது கொஞ்சம் ஆழமாகப் போனாலும் நூலிழையைத் தொட்டுவிடும். லாரி டயரின் மேற்பகுதி தட்டை. பட்டை அதன்மேல் படிந்து உட்காரும். பைக் டயரின் மேற்பகுதி வட்டமாக வளைந்தது. பட்டையின் ஓரம் முடிவது தோள்பகுதியில், வளைவில் வண்டி சாயும்போது பாரம் இறங்குவதும் அதே தோளில். ஒட்டு எங்கே பலவீனமோ அங்கேயே பக்கவாட்டு இழுப்பும் விழுகிறது. லாரியின் பின்னச்சில் இரட்டைச் சக்கரம் இருப்பதால் ஒன்று போனாலும் மற்றது தாங்கும். பைக்கில் பின்பட்டை உரிந்து செயினிலோ மட்கார்டுக்குள்ளோ சிக்கினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். முன்பக்கம் போனால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இது என் பயம் மட்டுமல்ல. அமெரிக்காவில் பஸ்ஸின் முன்சக்கரங்களில் ரீட்ரெட் டயர் போடக்கூடாது என்று மத்திய அரசின் விதியே இருக்கிறது. ரீட்ரெட் டயர்களுக்கென்று ஐ.நா. அமைப்பின் ஒழுங்குவிதிகள் இரண்டு உண்டு: கார்களுக்கு 108, லாரி, பஸ் போன்றவற்றுக்கு 109. இரண்டிலும் மோட்டார் சைக்கிள் டயர் சேராது. அதாவது பைக்குக்கு ரீட்ரெட் செய்து விற்பவர் எந்த அளவுகோலை வைத்து அதைச் சோதித்தார் என்று கேட்டால், இந்த இரண்டு விதிகளையும் அவரால் காட்ட முடியாது.

இனி நடந்த கதை. என் அக்கா மகன் பார்சல் கொண்டுசேர்க்கும் வேலையில் இருக்கிறான். ஒருநாள் பின்டயர் மாற்றிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். "மாமா, பாதி விலைதான், கம்பெனி ரீட்ரெட்" என்றான். டயர் கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. எனக்கு அந்தப் பளபளப்பே பிடிக்கவில்லை. புது ரப்பர் இவ்வளவு மினுக்காது. குனிந்து காடிக்குள், அதாவது பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளத்துக்குள், விரலை விட்டேன். புது வார்ப்பில் காடியின் அடிப்பாகம் வழவழப்பாக இருக்கும். இதில் அரம் போட்டதுபோல் சொரசொரப்பு. ஒரு காடி ஆழமாகவும் பக்கத்துக் காடி மேலாகவும் இருந்தன. ஒரு இடத்தில் அடியில் வெளிறிய நூல் தெரிந்தது. நகத்தால் கீறினேன், நூல்தான்.

அப்பாவைக் கூப்பிட்டேன். முழங்கால் வலியோடு மெல்ல வந்து உட்கார்ந்தார். டயரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பழைய பழக்கத்தில் கையை உள்ளே விட்டுத் தடவினார். இரண்டு இடத்தில் பஞ்சர் அடைப்பு, ஒன்று பக்கச்சுவருக்குப் பக்கத்திலேயே. உட்சுவரில் ஓரிடம் சுருங்கிக் கிடந்தது. "இது ரீட்ரெட்டே இல்லையடா. மொட்டை டயரைக் கத்தியால் வெட்டிக் கறுப்பு அடித்திருக்கிறான். எங்கள் வேலையின் பெயரை வைத்து விற்றிருக்கிறான்" என்றார். அன்று முழுக்க அவர் முகம் சரியில்லை. பேரன் ஏமாந்ததைவிட அந்தப் பெயர்தான் அவரை அதிகம் உறுத்தியது என்று நினைக்கிறேன்.

பட்டன் வெட்டுவதும் ரீட்ரெடிங்கும் வேறு வேறு. லாரி டயர்களில் சிலவற்றுக்கு மட்டும், பக்கச்சுவரிலேயே அனுமதி பொறித்து, அடியில் கூடுதல் ரப்பர் வைத்திருப்பார்கள். அவற்றில் காடியை ஆழப்படுத்தலாம். பைக் டயரில் அப்படி எதுவும் கிடையாது. அதில் வெட்டுகிறவன் நூலிழையைக் காக்கும் கடைசி ரப்பரைத்தான் வெட்டுகிறான். மலிவு விலையில் "ரீட்ரெட்" என்ற பெயரில் பைக் டயர் கிடைக்கிறது என்றால் அது இந்த ரகமாக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. ஆகவே கடைக்குப் போனால் முதலில் காடியின் அடியைத் தடவிப் பாருங்கள்.

உண்மையிலேயே ரீட்ரெட் செய்ததாக இருந்தாலும் யாருடைய கேசிங் அது என்ற கேள்வி நிற்கிறது. அப்பாவின் பட்டறைக்கு வந்த டயர்கள் லாரிக்காரர்களின் சொந்த டயர்கள். எண் எழுதி வரும், அதே லாரிக்குத் திரும்பிப் போகும். எவ்வளவு பாரம் ஏற்றினோம், எங்கே அடிபட்டது என்று டிரைவரே சொல்லுவார். பைக் டயருக்கு அந்தச் சரித்திரம் கிடையாது. பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ரீட்ரெட் டயரில் அது உடம்பின் வயதைத்தான் சொல்லும். முறையாக ரீட்ரெட் செய்தவர்கள் தங்கள் அடையாளத்தையும் செய்த தேதியையும் தனியாகப் பொறிப்பார்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் நாளை கேட்பதற்கு ஆள் இல்லை என்று பொருள்.

"நான் வருடக்கணக்காக ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று ஒருவர் கட்டாயம் வருவார். ஓடியிருக்கும் ஐயா, நம்புகிறேன். மெதுவாக, நேர்ச்சாலையில், ஒற்றை ஆளாக ஓட்டியிருப்பீர்கள். "பணம் இருப்பவன் பேசும் பேச்சு" என்று இன்னொருவர் வருவார். டயர்ப் பட்டறைக் கூலிக்காரரின் மகனிடம் அதைச் சொல்ல வேண்டாம்.

பணம் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன்; கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, தெரியும். அக்கா மகனின் நிறுவனம் பெட்ரோலுக்கு ஏதோ ஒரு தொகை கொடுக்கிறது. டயர், பிரேக், செயின் எல்லாம் அவன் பொறுப்பு. நாள் முழுக்க மூட்டை ஏற்றி ஓடும் டயர், வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் போய்வரும் டயரைப்போலவா தேயும்? தேய்வது அவர்கள் வேலையில், மாற்றுவது அவன் சம்பளத்தில். அவன் தலைக்கவசத்தில் நிறுவனத்தின் முத்திரை கோணலாக ஒட்டியிருந்தது என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பத் தெரிந்தவர்களுக்கு, அவன் டயரை எட்டிப்பார்க்க நேரமில்லை. மலிவு டயர் தேடிப் போகிறவனைத் திட்டும் முன் அவனை அங்கே அனுப்பியவர்கள் யார் என்றும் பார்க்க வேண்டும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்களும் இப்படி வண்டியை வைத்துத்தான் சம்பாதிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். பெரிய பெயரில்லாத நிறுவனத்தின் புது டயர் வாங்குங்கள். ஆடம்பரப் பட்டனோ அகலமோ தேவையில்லை. உங்கள் வண்டிக்குச் சொன்ன அளவு போதும். 100/90-17 55P என்று இருந்தால் அகலம் 100 மில்லிமீட்டர், உயரம் அதில் 90 சதவீதம், ரிம் 17 அங்குலம், தாங்கும் பாரம் 218 கிலோ, வேக வரம்பு மணிக்கு 150 கிலோமீட்டர். பாரத்தின் எண்ணும் வேகத்தின் எழுத்தும் வண்டிக்குச் சொன்னதைவிடக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு டயரும் தேய்ந்து ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால், எது அதிகம் தேய்ந்ததோ அதை மாற்றுங்கள். இரண்டும் ஒரே அளவு என்றால் நான் முன்சக்கரத்தை மாற்றுவேன். இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் உண்டு, சண்டைக்கு வர வேண்டாம். மற்றதற்குக் காசு சேரும்வரை காற்றை வாரம் ஒருமுறை குளிர்ந்த டயரில் பாருங்கள், பின்னால் ஆள் ஏற்றாதீர்கள், மழையில் எடுக்காதீர்கள்.

பழைய டயரைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவீர்கள் இல்லையா, அதன் பக்கச்சுவரில் கத்தியால் ஆழமாக ஒரு வெட்டுப் போட்டுக் கொடுங்கள். கடைக்காரர் முகத்தைச் சுளிப்பார். சுளிக்கட்டும்.