தனியே டென்னிஸ் பழகுபவரின் சேர்வ் ஏன் வலையில் விழுகிறது

வணக்கம். கொழும்பு வெள்ளவத்தையில் பயிற்றுநர் இல்லாமல் வீட்டு மதிலில் டென்னிஸ் பந்தை அடித்துப் பழகியதில் போர்ஹேண்ட் (உள்ளங்கை முன்நோக்க அடிக்கும் அடி) கைவந்துவிட்டது, ஆனால் சேர்வ் (பந்தை மேலே போட்டு ஆட்டத்தைத் தொடங்கும் அடி) மட்டும் வலையிலேயே விழுகிறது என்று எழுதியிருந்தீர்கள். மதில் பந்தைத் திருப்பித் தருமே தவிர, அது வலைக்கு அப்பாலுள்ள சேர்விஸ் கட்டத்துக்குள் விழுந்திருக்குமா என்று காட்டாது. ஆகவே சேர்வை மதிலில் பழகுவதை இப்போதைக்கு நிறுத்துங்கள்.

முதலில் பிடியைக் கவனியுங்கள். போர்ஹேண்ட் பிடியுடனேயே சேர்வும் செய்தால் பந்துக்குச் சுழற்சி கிடைப்பது கடினம். சுத்தியலைப் பிடிப்பதுபோல், மட்டையின் விளிம்பு நிலத்தைப் பார்க்கும்படி பிடிப்பதே கொண்டினென்டல் பிடி. அதில் மேல்நோக்கி உரசி அடிக்கப்படும் பந்து வலைக்கு மேலே உயர்ந்து சென்று, பிறகு கீழே வளைந்து இறங்கும். தொடக்கத்தில் இது மணிக்கட்டுக்கு அந்நியமாகவே இருக்கும், விட்டுவிடாதீர்கள்.

ஆனால் பெரும்பாலான பிழைகள் பந்தை மேலே போடும் கையில்தான் பிறக்கின்றன. மட்டையைக் கீழே வைத்துவிட்டு, இடக்கையை மடக்காமல் உயர்த்தி, விரல்நுனிகளில் ஏந்திய பந்தைக் கண்மட்டத்துக்குச் சற்று மேலே விடுவித்து, அடிக்காமல் விழவிடுங்கள். வலக்கைக்காரர் என்றால், அது இடது பாதத்துக்குச் சற்று முன்னே, பின்கோட்டுக்கு உட்புறமாக விழவேண்டும். பிற்பகல் கடற்காற்று உயரமாகப் போட்ட பந்தை நகர்த்திவிடும் என்பதால் காலை வேளையே நல்லது.

மைதானம் கிடைக்கும்போது வலையிலிருந்து 11.89 மீட்டர் தொலைவிலுள்ள பின்கோட்டில் தொடங்காமல், 6.40 மீட்டரிலுள்ள சேர்விஸ் கோட்டில் நின்று, வலை 0.914 மீட்டராகத் தாழ்ந்திருக்கும் நடுப்பகுதிக்கு மேலாக அடித்துப் பழகி, படிப்படியாகப் பின்னே செல்லுங்கள். பக்கவாட்டில் கைபேசியை நிறுத்தி ஒளிப்பதிவு செய்து பார்த்தால், பந்தைத் தொடுமுன்பே தலை குனிகிறதா என்பது உடனே தெரிந்துவிடும்.