குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம்

கேள்வி: வாப்பாவுக்குப் பார்க்கின்சன் என்ற நடுக்குவாத நோய். பல வருடமாக அதற்கு லெவோடோபா குடிக்கிறார். இப்போது குளிசை போட்டு ஒரு மணித்தியாலத்தில் தலையும் தோளும் நெளியத் தொடங்குகின்றன. மருந்து மூளையைக் கெடுக்குமென்று இணையத்தில் வாசித்தேன். நிறுத்திவிட்டுப் பூனைக்காலி விதைத்தூள் கொடுக்கலாமா? மலச்சிக்கலும் இருக்கிறது.
- வாசகி, அக்கரைப்பற்று

பதில்: ஒரு வேளைக் குளிசையைக்கூட நீங்களாக விடாதீர்கள். திடீரென நிறுத்தினால் உடம்பு பலகையாக விறைத்து, காய்ச்சல் ஏறி, பேச்சுத் தடுமாறி உயிருக்கே ஆபத்தாகலாம். ஏற்கெனவே குறைத்திருந்து இப்படி ஏதும் கண்டால், கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

மருந்து மூளையைக் கெடுக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. லெவோடோபா மூளைக்குள் போய், அசைவுக்குத் தேவையான டோபமைன் என்ற இரசாயனமாக மாறுகிறது. நோய் முற்றும்போது அந்த டோபமைனைச் சேமித்து வைக்கும் கலங்கள் குறைகின்றன. அதனால் மருந்து இரத்தத்தில் உச்சத்துக்கு ஏறும்போது உடம்பு நெளியும், இறங்கும்போது விறைக்கும். அந்த நெளிவு வாப்பாவுக்குத் தொந்தரவா என்று அவரிடமே கேட்டீர்களா? அசைய முடியாமல் கிடப்பதைவிட நெளிந்துகொண்டாவது பள்ளிவாசலுக்கு நடந்து போகலாம் என்றுதான் பலர் சொல்வார்கள்.

அவருக்கே தொந்தரவென்றால் வழி இருக்கிறது. மூன்று நாளைக்கு ஒரு கொப்பியில் குளிசை போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், நெளிவு தொடங்கி அடங்கிய நேரம், விறைத்த நேரம் எல்லாம் எழுதுங்கள். நெளியும்போது போனில் வீடியோ எடுங்கள். கிளினிக்கில் ஐந்து நிமிடம் வாயால் சொல்வதைவிட அது வைத்தியர்களான எங்களுக்கு உதவும். அதை வைத்து வைத்தியர் ஒரு வேளைக்கான அளவைக் குறைத்து வேளைகளைக் கூட்டலாம், அல்லது நெளிவைக் குறைக்கும் அமன்டடின் என்ற மருந்தைச் சேர்க்கலாம். அமன்டடினால் சிலருக்கு மனக்குழப்பமும் கால்வீக்கமும் வரும். பார்மசியில் கேட்டு வாங்கும் மருந்தல்ல அது.

பூனைக்காலியில் இருப்பதும் லெவோடோபாதான், எவ்வளவு என்றுதான் தெரியாது. குளிசையோடு அதையும் கொடுத்தால் நெளிவு கூடும். இயற்கை மருந்து என்றதும் அளவு பார்க்கத் தேவையில்லை என்று யார் சொன்னது?

மலச்சிக்கல் இந்த நோயோடு வருவதுதான். தண்ணீர், பப்பாசி, கீரை கொடுங்கள். குளிசையைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முந்திக் கொடுங்கள், மீனும் இறைச்சியும் அது உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். வாந்திக்கு மெட்டோகுளோபிரமைட் வேண்டாம், விறைப்பைக் கூட்டும். நோன்பு பிடிக்க வாப்பா ஆசைப்பட்டால் குளிசை நேரத்தை நீங்கள் மாற்றாமல் முதலிலேயே வைத்தியரிடம் கேளுங்கள்.