கேளுங்கள், சொல்கிறோம்: அண்ணி விட்டுப்போன வரம்பு

கேள்வி: என் அண்ணன் 1997இல் லண்டன் போனார். அந்த நாட்டுக் குடிமகனாகி, 2025 ஜூலையில் அங்கேயே காலமானார். பிள்ளைகள் இல்லை, அண்ணி 2012இலேயே தவறிவிட்டார். உயிலை நிறைவேற்றியது அங்கே இருக்கிற என் அக்கா மகன். 44,000 பவுண்டு வாரிசு வரி கட்டி, எல்லாருக்கும் பங்கும் கொடுத்தாயிற்று. இப்போதுதான், திருவட்டார் பக்கம் அண்ணன் 1996இல் வாங்கிப்போட்ட 90 சென்ட் ரப்பர் விளை கணக்கில் வரவில்லை என்று தெரிகிறது. வருஷாவருஷம் தீர்வை கட்டுவது நான்தான், ஊர் விளைக்கும் அந்த நாட்டு வரிக்கும் என்ன சம்பந்தம் என்று இருந்துவிட்டேன். இன்னும் 30,000 பவுண்டு கட்ட வேண்டும், அபராதமும் உண்டு என்கிறார்கள். மருமகனுக்கு இராத்திரி தூக்கமில்லை. என்ன செய்வது? (வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: முதலில் மருமகனை ஒரு நாள் நிம்மதியாகத் தூங்கச் சொல்லுங்கள். நீங்கள் அனுப்பிய நகல்களை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். தப்பு ஒன்று இல்லை, மூன்று இருக்கிறது. அதில் மூன்றாவதுதான் பெரியது, அது உங்களுக்குச் சாதகமானது.

விளையைப் பற்றி உங்களுக்குச் சொன்னது சரிதான். அத்தனை வருடம் அங்கே வாழ்ந்தவருக்கு உலகத்தில் எங்கே சொத்து இருந்தாலும் அது அந்த வரிக் கணக்கில் வரும். விவசாய நிலத்துக்கு அங்கே ஒரு சலுகை உண்டு, ஆனால் நம் ஊர் ரப்பருக்கு அது பொருந்தாது. மதிப்பு போடும்போது அரசு வழிகாட்டி மதிப்பை எழுதிவிடாதீர்கள், இறந்த நாளில் விற்றிருந்தால் என்ன கிடைத்திருக்குமோ அதுதான் கணக்கு, அதை அன்றைய மாற்று விலையில் பவுண்டாக்க வேண்டும். நீங்கள் சொல்லும் 90 லட்சத்தை ஒரு பேச்சுக்கு 75,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாவது, உயிலில் ஊர் சர்ச்சுக்கு எழுதிய 10,000 பவுண்டு. தர்மத்துக்குப் போனது என்று அதைக் கழித்திருக்கிறார்கள். அந்தக் கழிவு அந்த நாட்டுத் தர்ம ஸ்தாபனங்களுக்குத்தான், நம் ஊர் சர்ச்சுக்குக் கிடையாது. நம் மாவட்டத்தில் வெளிநாட்டில் இருக்கிற எத்தனையோ பேர் இப்படி எழுதிவைக்கிறார்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

சரி, மூன்றாவதற்கு வருவோம். அங்கே ஒருவருக்கு 325,000 பவுண்டு வரை வரி இல்லை, அதற்கு மேல் 40 சதவீதம். உங்கள் மருமகன் 435,000 காட்டி, வரம்பு போக மிச்சம் 110,000க்கு 44,000 கட்டியிருக்கிறார். ஆனால் கணவன் மனைவியில் ஒருவர் முதலில் போய், அவருடைய வரம்பு செலவாகாமல் கிடந்தால், அந்த மிச்சம் மற்றவர் இறக்கும்போது அவர் கணக்கோடு சேரும். மனைவி கணவனுக்கு எழுதிவைப்பது வரம்பில் கைவைக்காது. உங்கள் அண்ணியின் உயிலைப் பாருங்கள்: நகையை மட்டும் தங்கைக்கு, மற்றதெல்லாம் கணவருக்கு. நகையின் மதிப்பு 13,000 பவுண்டு, அதாவது அன்றைய வரம்பில் 4 சதவீதம். மீதி 96 சதவீதம், 312,000 பவுண்டு, கேட்பாரில்லாமல் அப்படியே இருக்கிறது! இரண்டும் சேர்த்தால் 637,000. விளையையும் சர்ச் பணத்தையும் கூட்டினாலும் மொத்தம் 520,000தான். வரியே கிடையாது, கட்டிய 44,000மும் திரும்பி வர வேண்டிய பணம்.

அதற்காக விளையை மறைத்துவிட்டு வரம்பை மட்டும் கேட்கக் கூடாது. தப்பு தெரிந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் திருத்தக் கணக்கு கொடுத்தாக வேண்டும், அதற்கான படிவம் சி4. அண்ணியின் வரம்பைக் கேட்க ஐஎச்டி402. இரண்டையும் ஒன்றாக, நடந்ததை ஒளிக்காமல் எழுதிய ஒரு கடிதத்தோடு மருமகனே அனுப்பட்டும். அவர்கள் கேட்பதற்கு முன்னால் நாமாகப் போய்ச் சொன்னால், கவனக்குறைவுக்கான அபராதம் முழுதாகவே விலகக்கூடும். வரம்பைக் கேட்பதற்கு, இறந்த மாதக் கடைசியிலிருந்து இரண்டு வருடம்தான் கெடு, உங்களுக்கு அது 2027 ஜூலை 31. கூடுதலாகக் கட்டிய வரியைத் திரும்பக் கேட்க நாலு வருடம் இருக்கிறது, ஆனால் அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள்.

அண்ணியின் உயில் நகலும் புரோபேட் உத்தரவும் அங்கேயே கட்டணம் கட்டி வாங்கலாம். கல்யாணச் சான்றுக்குத்தான் நீங்கள் அலைய வேண்டும். அது 1994இல் ஊர் சர்ச்சில் நடந்த கல்யாணம் என்கிறீர்கள், ரெஜிஸ்டரிலிருந்து நகல் எடுக்கும்போது அண்ணி பெயரின் எழுத்து பாஸ்போர்ட்டில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். ஒரு இனிஷியல் மாறினால் மாதக்கணக்கில் இழுக்கும்.

இன்னொன்று. வீட்டுக்காகத் தனியாக 175,000 பவுண்டு சலுகை உண்டே என்று யாராவது சொல்வார்கள். அது பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் வீடு போனால் மட்டும்தான், அக்கா மகனுக்குக் கிடையாது. திரும்பி வரும் பணம் மருமகன் கைக்கு வந்தாலும் உயிலில் சொன்னபடிதான் பிரிய வேண்டும், அதை இப்போதே எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அப்பா 1978இல் கட்டிய வீடு எனக்கு வந்தது, விற்றேன். எனக்குச் சும்மா வந்ததுதானே என்று விற்ற தொகை முழுவதையும் லாபமாகக் காட்டி வரி கட்டிவிட்டேன். அதற்கு முன்பே வாரிசு வரியும் கட்டியிருக்க வேண்டுமோ? (வாசகி, குளச்சல்)

பதில்: நம் நாட்டில் வாரிசு வரியே இல்லை அம்மா, 1953இல் கொண்டுவந்த எஸ்டேட் டியூட்டியை 1985இலேயே எடுத்துவிட்டார்கள். ஆனால் லாபக் கணக்கு தப்பு. அப்பாவுக்கு ஆன செலவுதான் உங்களுக்கும் அடக்க விலை, பழைய வீடு என்பதால் அதற்குப் பதில் 2001 ஏப்ரல் 1 மதிப்பையும் எடுத்துக்கொள்ளலாம். அந்த மதிப்பை முறைப்படி ஒரு மதிப்பீட்டாளரிடம் வாங்கி, திருத்திய ரிட்டர்ன் போடுங்கள். அதற்கான காலம் கடந்திருந்தால், தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளக் கேட்டு வருமான வரித்துறைக்கு மனு போடலாம். ஆடிட்டரிடம் போகும்போது அப்பாவின் பத்திரத்தையும் பழைய வீட்டு வரி ரசீதுகளையும் கையோடு கொண்டுபோங்கள்.