மச்சில் கிடக்கும் தட்டுகள்

அன்புள்ள ஐயா,

என் தாத்தா பம்பாயில் பதக்கங்களுக்கு மாடல் செய்துகொண்டிருந்தவர். அவருடைய பிளாஸ்டர் வார்ப்புகள் சில, சாப்பாட்டுத் தட்டு அளவில், எங்கள் வீட்டு மச்சில் பழுப்பேறிக் கிடக்கின்றன. ஒன்றில் முகம் குழிந்தும் எழுத்து இடவலம் மாறியும் இருக்கிறது. கெட்டுப்போன வார்ப்பு என்கிறான் அண்ணன். கழுவி எனாமல் அடித்து மாட்டலாம் என்கிறார் மதினி. விற்றால் என்ன கிடைக்கும்? ஆழமே இல்லாத இதையெல்லாம் சிற்பம் என்று சொல்லலாமா?

வாசகி, வீரவநல்லூர்

அன்புள்ள அம்மா,

முதலில் மதினியிடமிருந்து அந்தப் பெயிண்ட் டப்பாவைப் பிடுங்கி வையுங்கள். பிளாஸ்டர் என்பது ஜிப்சம், தண்ணீரில் கொஞ்சம் கரையும். கழுவினால் இமையும் உதட்டோரமும்தான் முதலில் மழுங்கும். மிச்சத்தை எனாமல் மூடிவிடும். பழுப்பு இருந்துவிட்டுப் போகட்டும். விலையை வியாபாரியிடம் கேளுங்கள்.

அண்ணன் கழித்துக்கட்டிய தட்டு கெட்டுப்போனது இல்லை. களிமண்ணில் செய்த முகத்தின்மேல் பிளாஸ்டர் ஊற்றி எடுத்த குழி அச்சு அது. எழுத்தை அதில்தான் பலரும் வெட்டுவார்கள், இடவலம் மாற்றி. மறுபடி வார்க்கும்போது எழுத்து நேராகப் புடைத்து வரும். தாத்தா காலத்தில் அதற்கப்புறம் நடந்தது பெரும்பாலும் இயந்திரத்தின் வேலை. வார்ப்பிலிருந்து கெட்டியான பிரதி ஒன்று எடுத்து மாட்டிவிட்டால், ஒரு முனை அதைத் தடவிக்கொண்டே போகும். மறுமுனையில் இருக்கும் வெட்டுளி அதே மேடுபள்ளத்தைப் பதக்க அளவுக்குச் சிறிதாக்கி எஃகில் செதுக்கும். அதை வைத்துத்தான் பதக்கம் அடிக்கும் அச்சு தயாராகும். தாத்தாவின் விரல் பட்டது பதக்கத்தில் இல்லை, உங்கள் மச்சில் கிடப்பதில்தான்.

சரி, ‘ஆழமே இல்லாத’ என்று எழுதினீர்களே, அதற்குத்தான் இந்தப் பதிலே. நம் பக்கத்து ஆட்களுக்குக் கண்ணைக் கெடுத்தது கிருஷ்ணாபுரம் கோயில் தூண் சிற்பங்கள். சின்ன வயதில் என் பெரியப்பா அங்கே குறவன் சிலைமுன் நிறுத்தி, “விலா எலும்பை எண்ணுல” என்பார். தூணைவிட்டு வெளியே வந்து நிற்கிற உருவம் அது. அதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு வெகுகாலம் நாணயத்து முகம் வெறும் கோட்டுப்படமாகத்தான் தெரிந்தது. ஆனால் தூண் சிற்பிக்குக் கல் முழுக்க இடம். கழுத்தைத் திருப்ப வேண்டுமா, திருப்பலாம். பதக்கக்காரருக்கு அந்த வசதி கிடையாது. காதுக்கும் கன்னத்துக்கும் மூக்குக்கும் உள்ள தூரத்தையெல்லாம் நகக்கனத்துக்குள் அடக்கியாக வேண்டும். அப்போதும் கன்னம் உருண்டையாகத் தெரிய வேண்டும். நாணயம் என்றால் முகம் விளிம்பைத் தாண்டவே கூடாது. தாண்டினால் காசை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க முடியாது.

அமெரிக்கச் சிற்பி அகஸ்டஸ் செயின்ட் காடன்ஸே இதில் முட்டிக்கொண்டார். அவர் வடிவமைத்த 1907ஆம் ஆண்டின் 20 டாலர் தங்கக் காசு அவ்வளவு புடைப்பு. ஒவ்வொரு காசையும் பலமுறை அழுத்தினால்தான் உருவம் முழுதாக ஏறியது. ஒரே அடியில் அடித்துத் தள்ளுகிற நாணயச்சாலைக்கு அது கட்டுப்படியாகுமா? புழக்கத்துக்கு வந்தபோது புடைப்பைக் குறைத்துவிட்டார்கள். அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. அத்தனை பெரிய கைக்கே மட்டுப்படாத வேலை, உங்கள் தாத்தாவுக்கு அன்றாடப் பிழைப்பு. பேத்தி கேட்கிறீர்கள், சிற்பமா என்று!

அப்புறம், மச்சில் ஓதம் உண்டென்றால் தட்டுகளைக் கீழே இறக்குங்கள். தூசியை மெல்லிய பிரஷால் தட்டுங்கள். செய்தித்தாளில் சுற்றாதீர்கள், மை ஒட்டும். அந்தக் குழி அச்சைப் படமெடுத்து அனுப்புங்கள். ஃபிளாஷ் போடாதீர்கள், எல்லாம் தட்டையாகிவிடும். ஜன்னல் ஓரமாக வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி எடுங்கள்.