கையில் தரும் காசு

தம்பி, மாணவர் விசா முடியப்போகிறது, தெரிந்த கடைக்காரர் "விசா இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சம்பளத்தைக் கையில் தருகிறேன்" என்கிறார், தங்கி உழைப்பது பாவமா, மிச்சம் பிடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். லண்டனில் இருப்பதா பர்மிங்காமில் இருப்பதா என்ற கேள்வியை விடுங்கள். விசா இல்லாதவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

பாவம் என்று நான் சொல்லமாட்டேன். 90களில் வட்டிக்கு வாங்கி ஏஜென்சிக்குக் கட்டி, லொறியில் ஒளிந்து வந்தவன் நான். உயிராபத்திலிருந்து நேரே வந்து, தாமதிக்காமல் அதிகாரிகளிடம் போகிறவரைக் களவாக நுழைந்ததற்காகத் தண்டிக்கக்கூடாது என்று 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையே சொல்கிறது. என்னோடு அதே வழியில் வந்துவிட்டு, இன்று பிரித்தானியக் கடவுச்சீட்டோடு கல்யாண வீடுகளில் "இனி ஒருவரையும் விடக்கூடாது, நாட்டைச் சுரண்டுகிறார்கள்" என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. விசா இல்லாதவனும் சட்டை வாங்கும்போது 20 வீதம் வற் (VAT) என்ற விற்பனை வரி கட்டித்தான் வாங்குகிறான்.

அப்படிப் பேசுகிற சிலர்தான் கையில் காசு தரும் முதலாளிகளும். 21 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி 2025 ஏப்ரலில் மணிக்கு 12.21 பவுண் ஆனது. அதில் பாதியைக்கூடக் கொடுக்காத கடைகளை நான் அறிவேன். பிடிபட்டால் 2024 பெப்ரவரியிலிருந்து ஓர் ஆளுக்கு 45,000 பவுண் வரை முதலாளிக்கு அபராதம், மறுபடி பிடிபட்டால் 60,000 வரை. அந்தப் பயத்தின் விலையையும் உங்கள் சம்பளத்தில்தான் கழிப்பார். 2016ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டப்படி அனுமதியின்றி வேலை செய்வது உங்கள் குற்றமும்கூட. உழைத்த காசையே பறிமுதல் செய்யலாம். மூன்று மாதச் சம்பளத்தை அவர் தராமல் விட்டால் எங்கே போய் முறையிடுவீர்கள்? நீங்கள் வாய் திறக்கமாட்டீர்கள் என்று தெரிந்துதானே கூப்பிடுகிறார்.

திரும்பிப்போக உண்மையாகவே பயமிருந்தால் விசா முடியும் முன்பே வக்கீலைப் பார்த்து அகதி விண்ணப்பம் போடுங்கள். பிந்திப் போட்டால் நம்பத் தயங்குவார்கள். அந்தப் பயம் இல்லையென்றால் ஊருக்குப் போய்விடுங்கள்.

என் காலத்தில் விண்ணப்பித்து 6 மாதம் கழிந்தால் வேலை அனுமதி கேட்கலாம். 2002இல் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது 12 மாதம் காத்திருக்க வேண்டும், அதுவும் அரசின் பட்டியலில் உள்ள வேலைகளுக்கு மட்டும். நான் அனுமதி கிடைக்கும்வரை அரைவயிற்றோடு இருந்து, பிறகு பெற்றோல் நிலையத்தில் இரவு வேலைக்குப் போனேன். சம்பளச் சீட்டில் வரி பிடித்திருந்ததைப் பார்த்து அறை நண்பர்கள் சிரித்தார்கள். வீட்டுக் கடன் கேட்கப் போனபோது வங்கி கேட்டது அந்தச் சீட்டுகளைத்தான். சிரித்தவர்களில் இரண்டு பேர் பிறகு என் வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தார்கள்.